தைப்பூச நிலாவும் ஆடி வெள்ளி நிலாவும்

2018இல் தமிழ்நாட்டுக்கு இரண்டு முழு சந்திர கிரகணங்கள் வாய்த்தன. ஒன்று ஜனவரி 31, தைப்பூசத்தன்று. மற்றது ஜூலை 27, ஆடி வெள்ளி நள்ளிரவு கடந்து. பேரும் புகழும் ஜூலைக்குத்தான்: முழுமறைப்பு 103 நிமிடம், இந்த நூற்றாண்டிலேயே நீண்டது. ஜனவரியில் 76 நிமிடம். ஆனாலும் வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஜனவரிதான் உயர்ந்தது என்பது என் கட்சி.

நீளத்துக்குக் காரணம் எளியது. ஜூலையில் நிலா பூமியின் நிழலுக்கு ஏறக்குறைய நடுவே புகுந்து சென்றது. சுமார் 4.06 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருந்ததால் வேகமும் குறைவு, வட்டமும் சிறிது. ஜனவரியிலோ சுமார் 3.6 லட்சம் கிலோமீட்டர் தொலைவுக்கு நெருங்கிய பெரிய நிலா, நிழலின் தென்பாதி வழியே சற்று விரைந்து கடந்துவிட்டது.

ஆனால் அந்தப் பெரிய நிலா வந்த வரவைச் சொல்ல வேண்டும். சென்னையில் மாலை ஆறு மணியை ஒட்டி எழும்போதே பெரும்பகுதி கிரகணம் பிடித்திருந்தது. 6.21க்கு முழுவதும் மறைந்தபோது வானில் அந்தி வெளிச்சம் போகவில்லை. கிழக்கே அடிவானத்தில் நிலா எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இருட்ட இருட்டத்தான் செம்பு நிறம் துலங்கியது. பூச நட்சத்திரத்துக்கு உரிய கடக ராசி விண்மீன் கொத்து அருகிலேயே இருந்தது. பௌர்ணமி வெளிச்சத்தில் கரைந்துபோகும் கொத்து அது. அன்று ஒரு பைனாகுலர் இருந்தால் போதும். தைப்பூசம் என்ற பெயருக்கு வானத்தில் இருக்கும் பொருளைக் குழந்தைகளுக்கு விரலால் சுட்டிக் காட்ட இதைவிட நல்ல மாலை ஏது?

ஜூலையில் செவ்வாய் துணை இருந்தது உண்மை. சூரியனுக்கு நேரெதிரே வந்து, கிரகணச் சிவப்புக்குச் சற்றுத் தெற்கே அதுவும் சிவந்து எரிந்தது. நிலா நன்கு உயரத்தில் நின்றதால் பக்கத்து அடுக்குமாடி மறைக்கும் கவலை இல்லை. கிழக்குத் திறந்த மாடி இல்லாதவர்கள் ஜனவரியில் பட்ட பாடு ஜூலையில் இல்லை. ஆனால் முழுமறைப்பு தொடங்கியதே ஒரு மணிக்கு. ஆடி மாதத் தென்மேற்குப் பருவ மேகம் வேறு. தாத்தா பாட்டியும் பள்ளிப் பிள்ளைகளும் விழித்திருக்கும் நேரமா அது? கிரகணம் விட்டதும் குளிக்கும் வழக்கமுள்ள வீட்டில் விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தைப்பூசத்தன்று 8.41க்கு எல்லாம் முடிந்து, குளித்து, உலை வைத்து, சேர்ந்து சாப்பிடலாம். நீண்ட மறைப்பைவிட நாலு தலைமுறை ஒன்றாக அண்ணாந்து பார்த்த மறைப்பே எனக்குப் பெரிது.

2028 டிசம்பர் 31 முழு கிரகணத்தில் இரண்டின் நன்மையும் சேர்கிறது: மார்கழி இரவு பத்து மணியை ஒட்டி, நிலா நல்ல உயரத்தில். புத்தாண்டுக்காக வீடே விழித்திருக்கும் இரவு அது.