நாய்க்கு ஆகாத புண்ணாக்கு

ஏற்காட்டிலிருந்து ரோஜாச் செடி வாங்கி வந்து, ஆமணக்குப் புண்ணாக்கை உரமாக இடுகிறீர்களா? வீட்டில் நாய் இருந்தால் எச்சரிக்கை தேவை. கடலை, எள்ளுப் புண்ணாக்கை மாட்டுக்கு வைத்த நம் உழவர்கள், இதை மட்டும் வயலுக்கே இட்டார்கள் அல்லவா? அதன் காரணம் 1888-இல் தெரிந்தது. டோர்பாட் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ஸ்டில்மார்க், ஆமணக்கு விதையிலிருந்து நச்சுப் புரதம் ஒன்றைப் பிரித்து, அதற்கு 'ரிசின்' எனப் பெயரிட்டார். அது எண்ணெயில் கரையாது. ஆகவே விதையை ஆட்டும்போது விளக்கெண்ணெயுடன் சேராமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. உயிரணுவில் புரதத்தை உண்டாக்கும் ரைபோசோமை ரிசின் எவ்வாறு முடக்குகிறது என்பதை 1987-இல் ஜப்பானிய அறிஞர் எண்டோ விளக்கினார்.

எலும்புத்தூளும் கலந்த உரமானால், நாய் மோப்பம் பிடித்துத் தோண்டித் தின்றுவிடும். வாந்தியும் இரத்தக் கழிச்சலும் பல மணி நேரம் கழித்தே தோன்றலாம். இதற்கு முறிமருந்து கிடையாது. எனவே நாய் தின்றது தெரிந்தவுடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். உர மூட்டையை எட்டாத இடத்தில் வையுங்கள்.