ரிசாலை ஏன் படிக்க வேண்டும்?
தோழர்களே, பிலிப்பைன்ஸ் மாணவர்கள் ஹோசே ரிசாலின் வாழ்வையும் நாவல்களையும் கட்டாயம் படிக்க வேண்டுமென 1956இல் சட்டம் வந்தபோது, கத்தோலிக்கத் திருச்சபைத் தலைமை கடுமையாக எதிர்த்தது. 1896 டிசம்பர் 30 அன்று ஸ்பானிய அரசால் சுட்டுக்கொல்லப்பட்டவரின் எழுத்துக்கு, அறுபது ஆண்டுகள் கழித்தும் ஏன் இந்த அச்சம்?

விடை அவர் பிறந்த கலம்பாவில் இருக்கிறது. அவ்வூர் நிலம் டொமினிக்கன் துறவியர் சபையின் உடைமை. குத்தகைக் கொடுமையை எதிர்த்து ஊரார் மனுக் கொடுக்க ரிசால் துணைநின்றார். 1887இல் தம் முதல் நாவலில் துறவியரின் அதிகாரத்தைத் தோலுரித்தார். சில ஆண்டுகளில் படையை இறக்கி, அவர் குடும்பத்தையும் சேர்த்தே ஊராரை வெளியேற்றினார்கள்.

ரிசாலின் குடும்பம் வசதியான குத்தகைக் குடும்பம். அவர்களுக்கும் கீழே நின்று உழுதவர்கள் வேறு. அதையும் மறைக்காமல் படிக்க வேண்டும். சிலைக்கு மாலை போட யாரும் தடை சொல்வதில்லை. நிலம் யாருடையது, உழைப்பு யாருடையது என்ற கேள்வியோடு படித்தால்தான் எதிர்ப்பு வரும். மாணவர்கள் அப்படித்தான் படிக்க வேண்டும்.