நோயறி நுட்பமும் சொல்லக் கூடாத சொல்லும்

கருவுற்ற பெண்ணின் வயிற்றின் வழியே மெல்லிய ஊசியைச் செலுத்திப் பனிக்குட நீரைச் சிறிதளவு எடுத்து, அதிலுள்ள சிசுவின் உயிரணுக்களை ஆராயும் முறையே அம்னியோசென்டிசிஸ். அவ்வுயிரணுக்களைக் கொண்டு சிசுவின் பாலினத்தை அறியலாம் என்பதை 1956இல் கோபன்ஹேகன் மருத்துவர்கள் ஃபுக்ஸும் ரீஸும் வெளியிட்டனர். அன்று அதற்கு மருத்துவத் தேவை இருந்தது. ஹீமோஃபிலியா போன்ற நோய்கள் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்குவன. எனவே பாலினம் நோய்க்கான ஒரு தடயம் மட்டுமே. குரோமோசோம்களை நேரடியாக ஆராயும் முறை 1966இல் வந்து சேர்ந்தது.

இந்தியாவில் 1970களின் நடுப்பகுதியில் தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் இச்சோதனை தொடங்கியபோது, மரபுவழிக் குறைபாடுகளைக் கண்டறிவதே நோக்கம். வந்த பெற்றோர் பலருக்கோ பாலினமே கேள்வியாக இருந்தது. அரசு மருத்துவமனைகளில் பாலினம் அறிவது தடுக்கப்பட்டபின், அது தனியார் மருத்துவமனைகளுக்கு இடம்பெயர்ந்தது. ஊசியே தேவைப்படாத அல்ட்ராசவுண்டு ஸ்கேன் பரவியதும் சிற்றூர்களையும் எட்டியது.

பெண்கள் இயக்கங்களின் போராட்டத்தால் 1988இல் மகாராஷ்டிரம் முதல் சட்டத்தை இயற்றியது. 1994இல் நடுவண் சட்டம் வந்தது. அதன் பெயரில் இருந்தவை ‘ஒழுங்குமுறை’, ‘தவறான பயன்பாட்டைத் தடுத்தல்’ என்னும் சொற்கள். நுட்பம் நல்லது, பயன்பாடே பிழை என்பது அப்பெயரின் உட்பொருள். சட்டம் நடைமுறையில் முடங்கிக் கிடக்கிறது என்று 2000இல் செஹாட், மாசூம் அமைப்புகளும் சாபு ஜார்ஜும் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். 2003இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பெயரையே ‘பாலினத் தேர்வுத் தடை’ என மாற்றியது. குற்றம் இப்போது தன் பெயராலேயே சுட்டப்பட்டது.

ஸ்கேனை முற்றாகத் தடைசெய்யச் சட்டத்தால் இயலாது; தாய்க்கும் சேய்க்கும் அது தேவை. ஆகவே கருவிகளைப் பதிவு செய்யச் சொன்னது. அத்துடன், சிசுவின் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ வேறெவ்வகையாலோ தெரிவிக்கலாகாது என ஐந்தாம் பிரிவில் விதித்தது. மருத்துவரின் ஒரு புன்னகையும் செய்தியாகலாம் என்பதைச் சட்டம் அறிந்தே இருந்தது.

ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 1991இல் 945, 2001இல் 927, 2011இல் 919. பஞ்சாபில் மட்டும் 2001இல் 798ஆக வீழ்ந்த எண்ணிக்கை, 2011இல் 846ஆக உயர்ந்தது. சட்டம் விடையை மறைக்க முயன்றது. கேள்வியோ இன்னும் வீடுகளில்தான் பிறக்கிறது.