கோப்புக்கு வகுப்பு பிரிப்பது யார்?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு உருட்டாலை ஒன்றின் கிடங்கை எண்ணிப் பாருங்கள். எந்தச் சரக்குக்கு எவ்வளவு இடம் என்பதை லாரி ஓட்டுநர் ஒவ்வொருவரும் தம் விருப்பம்போல் முடிவு செய்தால் என்ன ஆகும்? இடம் வீணாகும், பின்னால் வரும் சரக்கு வெளியே நிற்கும். பெரிய மின்கணிப்பொறிகளில் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் இந்த நிலைதான் இருந்தது.

1964இல் ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம் 360 என்னும் கணிப்பொறி வரிசையை அறிவித்தது. அதன் வழிவந்த 370/155 கணிப்பொறி ஒன்று, மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் 1973இல் சென்னை ஐஐடியில் நிறுவப்பட்டது. இவ்வகைக் கணிப்பொறியில் ஒரு புதிய கோப்பை உண்டாக்க வேண்டுமானால், அதன் பதிவு நீளம், கட்டின் அளவு, தட்டில் வேண்டிய இடம் ஆகியவற்றை நிரல் எழுதுபவரே குறிப்பிட வேண்டும்.

இது சிறிய விஷயமா? கணக்கிட்டுப் பாருங்கள். அக்காலத்து 3330 வகைக் காந்தத் தட்டு அடுக்கு ஒன்றில் சுமார் 10 கோடி எழுத்துகள் அடங்கும். அதன் ஒரு தடத்தில் 13,030 எழுத்துகள் கொள்ளும். ஆனால் கட்டுக்கும் கட்டுக்கும் இடையே வெற்றிடம் விட்டாக வேண்டும். 80 எழுத்துள்ள துளை அட்டைகளை ஒவ்வொன்றாக எழுதினால் ஒரு தடத்தில் 61 அட்டைகளே அடங்கும். அவற்றையே 80 அட்டை கொண்ட கட்டுகளாக எழுதினால் 160 அடங்கும்! கட்டின் அளவைப் பிழையாகக் குறித்தால் தட்டில் பாதிக்கு மேல் பாழ். இடத்தைக் குறைத்துக் கேட்டாலோ, வேலை நடுவிலேயே நின்றுவிடும். நள்ளிரவில் ஓடும் சம்பளப் பட்டியலானாலும் இதே கதிதான்.

இதற்குத் தீர்வாக 1988இல் ஐபிஎம் ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தது. சேமிப்பை நிர்வகிக்கும் பொறுப்பு தனி மனிதரிடமிருந்து அமைப்புக்கு மாறியது. கோப்பு பிறக்கும்போதே விதிகள் வரிசையாக இயங்கி நான்கு கேள்விகளுக்கு விடை காண்கின்றன. கோப்பின் வடிவமும் அளவும் என்ன? இதுவே தரவு வகுப்பு. எவ்வளவு விரைவான சேவை வேண்டும்? எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்? எந்தத் தட்டுக் குழுவில் வைப்பது? இவை மற்ற மூன்று.

விதிக்கு முக்கியமான தடயம் கோப்பின் பெயர். 44 எழுத்துக்கு மேற்படாத அப்பெயர், புள்ளிகளால் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கடைசிப் பகுதி அச்சுப் பட்டியல் என்று காட்டினால் ஒரு வகுப்பு. மூல நிரல் என்று காட்டினால் 80 எழுத்துப் பதிவுள்ள வேறொரு வகுப்பு. அந்த வகுப்பில் எழுதி வைத்த அளவுகள் கோப்புக்குத் தாமாகவே வந்து சேரும். ஆனால் நிரல் எழுதுபவர் தாமே ஓர் அளவைக் குறித்திருந்தால், அவர் சொல்லே செல்லும். வகுப்பு, அவர் விட்ட இடங்களை மட்டும் நிரப்பும்.

ஒன்றை மறக்கக் கூடாது. விதியை எழுதுபவரும் மனிதரே. பெயரைக் கண்டபடி வைத்தால் விதியும் தவறான வகுப்பையே தரும். எந்த விதிக்கும் பொருந்தாவிட்டால் வகுப்பே கிடைக்காது. இன்றும் இத்தகைய பெருங்கணிப்பொறிகளில் இம்முறை வழக்கில் உள்ளது. நீங்கள் நாளை எந்தக் கணிப்பொறியில் பணியாற்றினாலும், கோப்புக்குப் பெயரிடும் முன் ஒரு கணம் சிந்தியுங்கள். ஒழுங்கு அங்கேதான் தொடங்குகிறது.