உடனிருப்பவர் யார்?

ஆபத்தைக் கண்டால் உடல் எதிர்த்து நிற்கும் அல்லது ஓடும் என்கிறார்களே, அந்தக் கருத்து ஹார்வர்டில் வால்டர் கேனன் செய்த சோதனைகளிலிருந்து வளர்ந்தது. 1915இல் வெளிவந்த அவரது நூலில் பூனைகள்தான் அதிகம். பிறகு மனிதர்களைச் சோதித்தார்கள், பெரும்பாலும் ஆண்களை. 1995க்கு முந்தைய மன அழுத்தச் சோதனைகளில் பங்கேற்றவர்களில் பெண்கள் சுமார் 17 விழுக்காடுதான் என்று ஷெல்லி டெய்லரும் குழுவினரும் 2000இல் எழுதினார்கள். மாதவிடாய்ச் சுழற்சி அளவீடுகளைக் குழப்பிவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். 'வீட்டுக்குத் தூரம்' சோதனைச்சாலைக்கும் தூரமாகவே இருந்திருக்கிறது.

பெண்களையும் சேர்த்து அளந்தபோது கணக்கு மாறியது. 1995இல் ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆண்களையும் பெண்களையும் பிறர் முன்னிலையில் பேசவும் மனக்கணக்குப் போடவும் வைத்தார்கள். அதற்கு ஆயத்தமாகும்போது சிலருக்குத் துணையில்லை. சிலருக்கு அறிமுகமற்ற ஒருவர். சிலருக்கு வாழ்க்கைத் துணை. துணைவி உடனிருந்த ஆண்களுக்கு, அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசால் குறைந்தது. பெண்களுக்கோ துணைவர் உடனிருந்தபோது அது ஏறும் போக்குத் தெரிந்தது. எனக்கு இதில் வியப்பில்லை. அவன் பார்க்கிறான் என்பதே அவளுக்கு இன்னொரு தேர்வு.

அந்த ஆய்வில் அந்நியரின் துணை பெண்களுக்குப் பயன்படவில்லை. ஆனால் 1980இல் வெளியான குவாத்தமாலா ஆய்வைப் பாருங்கள். அங்கே மருத்துவமனையில் தனியாக வலி தாங்கிய பெண்களில் சிலருக்கு, பயிற்சியில்லாத, முன்பின் தெரியாத ஒரு பெண்ணைத் துணை வைத்தார்கள். அவள் முதுகைத் தேய்த்துவிட்டாள், கையைப் பிடித்துக்கொண்டாள், பேசிக்கொண்டிருந்தாள். சிக்கலின்றிப் பெற்றவர்களில், துணையில்லாதவர்களுக்கு மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து சராசரியாக 19.3 மணிநேரம் ஆனது, துணையிருந்தவர்களுக்கு 8.8.

டெய்லர் குழுவினர், பேணுவதும் நட்பாகச் சேர்வதும் அழுத்தத்துக்குப் பெண்கள் காட்டும் எதிர்வினை என்றார்கள். இதில் எனக்குத் தயக்கம் உண்டு. பேணுதலைப் பெண்ணின் சுரப்பிகளில் எழுதிவைத்தால், அவளைப் பேணுவது யார் என்ற கேள்வி காணாமல் போகிறது.

நம்மிடம் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு என்ற வழக்கம் உண்டு. பிரசவம் மருத்துவமனைக்குப் போனதும் அம்மா கதவுக்கு வெளியே நின்றாள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையை அனுமதிக்கும் திட்டம் 2004இல்தான் வந்தது. அந்த ஒருத்தி அம்மாவா மாமியாரா என்பதைப் பல வீடுகளில் பெரியவர்கள் பேசி முடித்துவிடுகிறார்கள். வலியோடு உள்ளே போகிறவளை யாரும் கேட்பதில்லை.