பெயரில் மட்டும் மெதுவு

பிரெஞ்சில் ‘லான்’ என்றால் மெதுவானது. எய்ட்ஸ் கிருமியின் பேரினப் பெயரான ‘லென்டிவைரஸ்’ அதே லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். நோய் முற்றப் பல வருடம் ஆகும் என்பதால் அப்படி ஒரு பெயர். கிருமியோ படுவேகம். தன்னை நகலெடுக்கும்போது பிழை விட்டுக்கொண்டே போகும். ஒப்பிட்டுப் பார்த்து ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்த அங்கே குமாஸ்தா யாரும் கிடையாது!

அந்தப் பிழைகளே பின்னாளில் ஒரு பழியைத் துடைத்தன. 1957 முதல் 1960 வரை பெல்ஜியக் காங்கோவில் கொடுத்த போலியோ சொட்டு மருந்து சிம்பன்சிச் சிறுநீரகத்தில் வளர்க்கப்பட்டது, அதன் வழியாகவே எய்ட்ஸ் வந்தது என்று எட்வர்ட் ஹூப்பர் 1999-இல் பெரிய புத்தகமே எழுதினார். சொட்டு மருந்தின் மேல் ஜனங்களுக்குச் சந்தேகம் விழுந்தால் குழந்தைகள் கதி என்ன?

லியோபோல்ட்வில் நகரில், அதாவது இன்றைய கின்ஷாசாவில், 1959-இல் ஓர் ஆணிடம் எடுத்த ரத்தமும், 1960-இல் ஒரு பெண்ணிடம் எடுத்து மெழுகில் பதித்துவைத்த நிணநீர்க் கணுவும் மிஞ்சியிருந்தன. இரண்டிலும் இருந்த கிருமியை மைக்கேல் வொரோபி குழுவினர் 2008-இல் ஒப்பிட்டார்கள். இடைவெளி ஒரே வருடம். சேர்ந்திருந்த வேறுபாடோ பல பத்தாண்டுகளுக்கு உரியது. பிழை சேரும் வேகத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால், இரண்டுக்கும் பொதுவான மூதாதை 1908 வாக்கில் வருகிறது. தள்ளிப்போனாலும் 1924-ஐத் தாண்டவில்லை. மிச்சமிருந்த பழைய சொட்டு மருந்தைச் சோதித்தவர்களுக்கும் அதில் சிம்பன்சிக் கிருமி அகப்படவில்லை.