முப்பது நிமிட மௌனம்

விமானப் போக்குவரத்து விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. ஒரு விமானத்திலிருந்து வந்திருக்க வேண்டிய குரல் வராமல் முப்பது நிமிடம் கடந்துவிட்டால், தரையில் இருப்பவர் கவலைப்படத் தொடங்க வேண்டும். இந்த நிலைக்கு 'இன்செர்ஃபா' என்று பெயர். நிச்சயமின்மைக் கட்டம். அதற்கு அடுத்தது 'அலெர்ஃபா', எச்சரிக்கைக் கட்டம். கடைசியாக 'டெட்ரெஸ்ஃபா', ஆபத்துக் கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் யார் யாருக்குச் செய்தி போக வேண்டும், எப்போது தேடல் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. கவலைப்படுவதைக்கூட ஒருவருடைய வேலையாக்கி, அதற்கு நேரக்கணக்கும் வைத்திருக்கிறார்கள்.

பழவேற்காட்டு மீனவக் குப்பங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க இந்த விதி எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. ஏரிக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கொஞ்சம் சுற்றி வந்துதான் சொல்ல வேண்டும்.

சிறு விமானங்களில் பறப்பவர்களுக்குத் தரையில் இரண்டு வகையான குரல்கள் கேட்கும். ஒன்று கட்டுப்பாட்டு அதிகாரியின் குரல். ஏறு, இறங்கு, திரும்பு என்று அது சொன்னால் விமானி செய்தாக வேண்டும். இன்னொன்று தகவல் அதிகாரியின் குரல். அவருக்கு உத்தரவிடும் அதிகாரம் கிடையாது. 'உங்களுக்கு முன்னால் மழை மேகம் இருக்கிறது, அந்த ஓடுதளத்தை இன்று மூடியிருக்கிறார்கள், இந்தப் பக்கம் இன்னொரு விமானம் வருகிறது' என்று சொல்லலாம். அவ்வளவுதான். போவதா திரும்புவதா என்பது விமானியின் முடிவு. இங்கிலாந்தில் சின்ன விமானம் ஓட்டுகிறவர்கள் 'லண்டன் இன்ஃபர்மேஷன்' என்று அழைப்பது இப்படியொரு குரலைத்தான்.

அதிகாரமே இல்லாத இந்தக் குரலோடு விமானிகளுக்கு உள்ள நெருக்கத்தைப் பற்றி யோசித்திருக்கிறேன். முகம் தெரியாது. பேசுவதெல்லாம் வாய்ப்பாடு மாதிரியான சொற்கள். அலைவரிசையை விட்டு விலகும்போது ஒரு 'குட் டே'. இதில் தோழமை எங்கிருந்து வருகிறது? தகவல் அதிகாரிக்கு விமானியின் கண் வேண்டும் என்பதிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். மேகத்தின் அடிப்பகுதி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, காற்று எங்கே குலுக்குகிறது என்பதை மேலே இருப்பவர் சொன்னால்தான் கீழே இருப்பவருக்குத் தெரியும். அதை அவர் பின்னால் வருகிற அடுத்த விமானிக்குச் சொல்வார். முதலாமவர் பார்த்தது மூன்றாமவரைக் காப்பாற்றும். நடுவில் ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதால் நடக்கிற காரியம் இது.

இந்தியாவில் இந்த வேலைக்கு நான்கு பெரிய வான்வெளிப் பிரிவுகள்: டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை. சென்னையின் பிரிவு நிலத்தோடு நிற்காமல் வங்காள விரிகுடாவுக்குள் வெகுதூரம் போகிறது. பழவேற்காட்டு ஏரியின் தமிழகப் பக்கம் அதற்குள்தான் வருகிறது. அதாவது ஏரியில் வலை போடும் மனிதரின் தலைக்கு மேலே உள்ள காற்றைக் கேட்டுக்கொண்டிருக்க ஒருவர் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். வலை போடுகிறவரைக் கேட்டுக்கொண்டிருக்க யாரும் இல்லை.

*

குரல் இல்லாத காலமும் இருந்தது. 1910-ல் சென்னையில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ் தானே ஒரு விமானம் கட்டிப் பறந்து காட்டினார். 1930-ல் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் தொடங்கியது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டைகளோடு பறந்து வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸுக்கு அவற்றைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். இருவரும் ஓட்டியது பஸ் மாத் என்னும் ஒற்றை எஞ்சின் விமானம். ரேடியோ கிடையாது. ஆறு, ரயில் பாதை, மலை, இவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் வழி. தரையில் காத்திருந்தவர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். வந்தால் வந்தது.

கடலுக்குப் போனவர்களுக்காகக் கரையில் காத்திருப்பதும் இதே மாதிரிதான். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்து, நட்சத்திரத்தையும் கலங்கரை விளக்கையும் பார்த்து வழி கண்டவர்களுக்கும் அன்றைய விமானிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1932-ல் இருவரும் ஒரே நிலையில் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் வழி பிரிந்தது.

பிரித்தது போர். இரண்டாம் உலகப் போரின்போது பழவேற்காட்டுக்குத் தெற்கே, செங்குன்றம் ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆம் ஸ்குவாட்ரன் கேட்டலினா பறக்கும் படகுகளை இறக்கியது. தண்ணீரிலிருந்து எழுந்து தண்ணீரிலேயே இறங்கும் இந்த விமானங்கள் மணிக்கணக்காகக் கடலைச் சுற்றி வரும். அவற்றின் உண்மையான ஆயுதம் ரேடியோதான். பார்த்ததைச் சொல்வதற்காகவே பறந்தவை.

அதற்கு எவ்வளவு விலை என்பது 1942 ஏப்ரல் 4-ஆம் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே தெரிந்தது. காலிக்கு அருகே உள்ள கொக்கலை ஏரியிலிருந்து கிளம்பிய கனடிய விமானப்படையின் கேட்டலினா ஒன்று ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. விமானி லியோனார்ட் பர்ச்சால். கூட எட்டுப் பேர். செய்தியை மூன்று முறை அனுப்ப வேண்டும் என்பது நடைமுறை. மூன்றாம் முறை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே விமானம் சுடப்பட்டது. ஒன்பது பேரில் ஆறு பேர் பிழைத்து, போர் முடியும் வரை கைதிகளாக இருந்தார்கள். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு காலையில் கொழும்பின் மீது ஜப்பானிய விமானங்கள் வந்தபோது, அவை வரக்கூடும் என்பது கரைக்குத் தெரிந்திருந்தது.

ஏன் மூன்று முறை? கேட்கிறவர் தவறவிடலாம் என்பதற்காக. உயிர் போகிற நேரத்திலும் மறுமுனையில் ஒருவர் காதை வைத்திருக்கிறார் என்று நம்பினால்தான் ஒருவன் மூன்றாம் முறை தந்தியைத் தட்டுவான். பர்ச்சாலின் கதையை எழுதுகிறவர்கள் விமானத்தில் இருந்தவர்களைப் பற்றியே எழுதுகிறார்கள். அந்தத் துண்டுச் செய்தியைக் காதில் வாங்கி, எழுதி, மேலே அனுப்பியவரையும் சேர்த்துத்தான் அது முழுக்கதை.

அதே வாரம் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. மெட்ராஸை விட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். அரசு அலுவலகங்கள் உள்ளூர்களுக்கு மாற்றப்பட்டன. ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்ற பேச்சு போதுமானதாக இருந்தது. நம்பகமான குரல் இல்லாத இடத்தில் வதந்திதான் தகவல் அதிகாரி.

*

1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் இணைப்புகளில் பதினோராவது, வான் போக்குவரத்துச் சேவைகளைப் பற்றியது. கட்டுப்பாடு, தகவல், எச்சரிக்கை என்று மூன்று சேவைகளை அது வகுத்தது. நான் தொடக்கத்தில் சொன்ன முப்பது நிமிட விதி இந்த மூன்றாவதில் வருகிறது. போர்க்காலத்தில் உயிரைக் கொடுத்துக் கற்ற பழக்கம், அமைதிக் காலத்தின் அலுவலக நடைமுறையாக மாறியது.

அந்த நடைமுறை நம் கரையில் எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஒரு துயரமான உதாரணம் இருக்கிறது. 2015 ஜூன் 8 அன்று மாலை இந்தியக் கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானம் ஒன்று மூன்று அதிகாரிகளோடு சென்னையிலிருந்து கண்காணிப்புக்குப் புறப்பட்டது. இரவு 9.23-க்குத் திருச்சி ராடாரில் கடைசியாகத் தெரிந்தது. பிறகு மௌனம். அன்றிரவே தேடல் தொடங்கியது. கப்பல்கள், விமானங்கள், கடைசியில் சிந்துத்வஜ் என்ற நீர்மூழ்கிக் கப்பலும் வந்தது. ஒரு மாதம் கழித்து, ஜூலை 10 அன்று, ஒலிம்பிக் கேன்யன் என்ற கப்பல் கடலுக்கடியில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து விமானத்தின் பதிவுப் பெட்டியை எடுத்தது. மூவரும் உயிரோடு வரவில்லை. ஆனால் அவர்கள் குரல் நின்ற நிமிடம் எது என்று கரைக்குத் தெரியும். அவர்களைத் தேடுவதற்கு யாரும் மறியல் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இரண்டரை ஆண்டுகள் கழித்து, 2017 நவம்பர் கடைசியில், ஒக்கி புயல் வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிக்கப் போனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். புயல் எச்சரிக்கை வெளியானபோது அதை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வழி இல்லை. படகுகளில் இருந்த வி.எச்.எஃப். கருவிக்கு அந்தத் தூரம் எட்டாது. தமிழகம், கேரளம் இரண்டிலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவில்லை. எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்பதிலேயே அரசுக் கணக்குக்கும் ஊர்க் கணக்குக்கும் சண்டை. தேடச் சொல்லி டிசம்பர் 7 அன்று குழித்துறையில் மக்கள் ரயில் பாதையில் உட்கார்ந்தார்கள். சிகாகோவில் கையெழுத்தான அதே தேதி என்பது தற்செயல்தான், என்றாலும் எனக்கு உறுத்துகிறது. முப்பது நிமிட மௌனத்துக்கு அசையும் ஏற்பாடு ஒரு பக்கம். ஒரு வார மௌனத்துக்குத் தண்டவாளத்தில் உட்கார வேண்டிய நிலை இன்னொரு பக்கம்.

*

பழவேற்காடு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஊர். ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீளமாகப் படுத்திருக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவிலிருந்து 1971 முதல் ராக்கெட்டுகள் போகின்றன. ஏவும் நாளுக்கு முன்பே விமானிகளுக்கு 'நோட்டாம்' என்ற அறிவிப்பு போகும். எந்த வான்பகுதி, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்று அதில் இருக்கும். சந்தேகம் இருந்தால் விமானி கேட்கலாம், தகவல் அதிகாரி பதில் சொல்வார். அதே ராக்கெட்டுக்காகப் பழவேற்காட்டுக் குப்பங்களுக்கும் ஒரு அறிவிப்பு வரும்: கடலுக்குப் போகாதே.

லைட்ஹவுஸ் குப்பத்தில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேச்சுக்கொடுத்தேன். ராக்கெட்டின் மேல் அவருக்குக் கோபம் இல்லை. பேரப்பிள்ளைகளோடு கரையில் நின்று வேடிக்கை பார்ப்பவர்தான். "போகாதன்னா போக மாட்டோம் தம்பி, நம்ம நாட்டு ராக்கெட்டு. சொல்றாங்க, நாங்க கேட்டுக்கிறோம். நாங்க ஒண்ணு சொன்னா யாரு கேக்குறது?" என்றார். முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கிறது, எந்த இடத்தில் அலை படகைப் புரட்டும் என்று தினமும் பார்க்கிறவர் அவர். அவர் பார்த்ததைக் குறித்துக்கொண்டு அடுத்த படகுக்குச் சொல்லும் அதிகாரி யாரும் இல்லை.

அவர்களுக்கு ஏற்பாடு செய்யத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை கட்டலாம் என்பதை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' முறை தலைமுறைகளாக இங்கே இருக்கிறது. இடமும் நேரமும் பிரித்துக்கொடுப்பது வானத்தில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை.

குரல் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் புதுச்சேரிப் பக்கத்தில் சான்று உண்டு. வீராம்பட்டினத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் தொடங்கிய தகவல் மையத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து ஒலிபெருக்கியில் படித்தார்கள். அதே முயற்சியின் மையம் நல்லவாடு கிராமத்திலும் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தியில் கண்டதைத் தொலைபேசியில் ஊருக்குச் சொன்னார். ஒலிபெருக்கி அலறியது. ஊர் மேட்டுக்கு ஓடித் தப்பியது. அந்த இளைஞருக்கும் உத்தரவிடும் அதிகாரம் கிடையாது. ஊர் அவர் குரலை அறிந்திருந்தது, நம்பியது.

ஒக்கிக்குப் பிறகு கருவிகள் வரத் தொடங்கின. 2019-ல் 'ஜெமினி' என்ற சாதனம் வெளியிடப்பட்டது. செயற்கைக்கோள் வழியாகப் புயல் செய்தியும் மீன் கிடைக்கும் இடமும் ஆழ்கடலில் இருக்கும் மீனவரின் கைப்பேசிக்கு வரும். ஆனால் ஒருவழி. மீனவர் பதில் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் படகுகளில் இருவழித் தகவல் கருவிகள் பொருத்தும் திட்டம் தொடங்கப்பட்டிருக்கிறது. ஆபத்து என்று படகிலிருந்து ஒரு பொத்தானை அழுத்தலாம். இது பெரிய மாற்றம், சந்தேகமே இல்லை.

என்றாலும் கருவி என்பது பாதிதான். 1942-ல் கேட்டலினாவில் ரேடியோ இருந்ததால் மட்டும் கொழும்பு விழித்துக்கொள்ளவில்லை. கரையில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். பழவேற்காட்டுக்கு வேண்டியது என்ன என்று என்னைக் கேட்டால், பெரிய பட்டியல் இல்லை. மீன் இறங்கும் இடத்தில் ஒரு மேசை. காற்றின் பெயரும் முகத்துவாரத்தின் குணமும் தெரிந்த, அந்த ஊர்ப் பேச்சில் பேசுகிற ஒருவர், சம்பளத்தோடு. காலையில் போன படகுகளின் கணக்கு. மேலே ராக்கெட்டுக்காரர்களிடம் கேள்வி கேட்கும் உரிமை.

இப்போது அந்த வேலையைக் கரையில் மீன் ஏலத்துக்குக் காத்திருக்கும் பெண்கள் செய்கிறார்கள். எந்தப் படகு வந்தது, எது வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். நேரம் தப்பினால் முதலில் எழுந்து நிற்பதும் அவர்கள்தான். அவர்களுடைய கவலை எந்த அலுவலகத்தின் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஏறுவதற்கு ஒரு விதி எழுத வேண்டும். முப்பது நிமிடம் என்றே எழுதலாம்.